பால் மறந்த கன்று
(குட்டிகளின் நினைவு பற்றிய ஓர் ஆராய்ச்சி வரலாறு)

மலர்க் குழு நண்பர்கள் கட்டுரை கேட்டபோதே, "விடுதி மெஸ்ஸைப் பற்றி மட்டும் வேண்டாம் சார், ஏற்கெனவே நாலைந்து பேர் எழுதித் தந்துவிட்டார்கள்" என்று சொல்லிவிட்டார்கள். நல்லதாய்ப் போயிற்று. விலங்கியல் படித்து, அதையே வகுப்பில் நடத்திக் காலம் தள்ளியவன் நான். என் கையில் இருக்கும் சரக்கு அதுதான். ஆகவே நாய், எலி, கன்றுக்குட்டி சகிதம் வருகிறேன். வணிகவியல், வரலாற்றுத் துறை நண்பர்கள் பயப்பட வேண்டாம். யாரிடமும் ரெக்கார்டு நோட்டு கேட்கமாட்டேன்.

நம் பக்கத்தில் 'பால் மறக்கடித்தல்' என்று ஒரு சொல் உண்டு. பிள்ளைக்கு வயது ஏறியதும் தாய் மார்பில் வேப்பிலையை அரைத்துத் தடவிக்கொள்வாள். இரண்டு மூன்று நாள் அழுகை, ஆர்ப்பாட்டம். பிறகு பிள்ளை கேட்பதில்லை. 'மறந்துவிட்டது' என்கிறோம். கன்றுக்கும் இதே சொல்தான். தாயைவிட்டுப் பிரித்துக் கட்டி, பால் மறந்த கன்றைச் சில நாள் கழித்து யாராவது கவனமில்லாமல் அவிழ்த்துவிட்டால் என்ன நடக்கும் என்று மாடு வைத்திருந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நேரே மடிக்குத்தான் ஓடும். வீட்டில் அடுத்த குழந்தை பிறந்ததும், பால் மறந்து ஒரு வருஷமான மூத்தது அம்மாவின் மடியில் வந்து விழுவதும் இதே கதைதான். அப்படியானால் அது மறந்ததா, இல்லையா?

இந்த ஒரு கேள்வியோடு ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக ஆராய்ச்சியாளர்கள் மல்லுக்கட்டியிருக்கிறார்கள். தமிழில் நமக்கு ஒரு வசதி. 'மறப்பது' வேறு, 'மறக்கடிப்பது' வேறு என்று இரண்டு வினைச்சொல் வைத்திருக்கிறோம். தானாகத் தேய்ந்து போவது ஒன்று. வேப்பிலை தடவிப் போக்குவது மற்றொன்று. இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டால் மீதிக் கதை எளிதாக விளங்கும்.

கதை தொடங்குவது ரஷ்யாவில், பாவ்லோவின் ஆய்வுக்கூடத்தில். ஜீரண உறுப்புகளைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1904-ல் நோபல் பரிசு பெற்றவர் அவர். மணி அடித்தால் நாய்க்கு எச்சில் ஊறும் என்று நாமெல்லாம் படித்தோம். அவர் கூடத்தில் மெட்ரோனோம் என்ற டிக்-டிக் கருவியும் நிறையவே ஒலித்தது. டிக்-டிக் கேட்டதும் உணவு என்று பழக்கினால், வெறும் டிக்-டிக்குக்கே எச்சில் சுரக்கும். அடுத்து, உணவே தராமல் திரும்பத் திரும்ப டிக்-டிக் மட்டும் கொடுத்தால் எச்சில் குறைந்து குறைந்து நின்றுவிடும். இது மறக்கடித்தல். இங்கேதான் பாவ்லோவ் ஒன்றைக் கவனித்தார். நாயைச் சில மணி நேரம் சும்மா விட்டுவிட்டு மறுபடி டிக்-டிக் கொடுத்தால், யாரும் எதுவும் கற்றுக்கொடுக்காமலே எச்சில் திரும்ப ஊறியது. முன்பிருந்த அளவு இல்லை, ஆனால் ஊறியது. பழைய பாடம் அழியவில்லை, உள்ளேயிருந்து ஏதோ ஒன்று அதைத் தடுத்து வைத்திருக்கிறது என்று அவர் முடிவு கட்டினார். 1927-ல் ஆங்கிலத்தில் வந்த அவருடைய சொற்பொழிவுத் தொகுப்பில் இதெல்லாம் விரிவாக இருக்கிறது.

அதே தொகுப்பில் உள்ள வெள்ளக் கதையைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1924 செப்டம்பரில் லெனின்கிராடில் பெருவெள்ளம். நாய்க் கொட்டடிக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. நாய்களை நீந்தவைத்து ஆய்வுக்கூடக் கட்டடத்துக்குக் கொண்டு சேர்த்தார்கள். பிழைத்த நாய்கள் சிலவற்றிடம் அதுவரை கற்ற பாடங்கள் காணாமல் போயிருந்தன. ஒரு நாயைப் பல நாள் பொறுமையாகப் பழக்கிப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தார்கள். எல்லாம் சரியாகிவிட்டது என்றிருந்தபோது, சோதனை அறையின் கதவுக்கு அடியில் கொஞ்சம் தண்ணீர் கசியவிட்டுப் பார்த்தார்கள். அவ்வளவுதான், நாய் மறுபடி கலங்கிப்போயிற்று. வெள்ளம் வடிந்து நாளாயிருந்தது, நாய்க்குள் வடியவில்லை.

இவையெல்லாம் வளர்ந்த நாய்கள். குட்டிகளைப் பற்றி அந்தக் கூடத்தில் சிட்டோவிச் என்பவர் செய்த ஒரு சோதனை உண்டு. பிறந்ததிலிருந்து பாலை மட்டுமே கொடுத்து வளர்த்த நாய்க்குட்டிகளுக்கு இறைச்சியைக் காட்டினார். எச்சில் ஊறவில்லை! சில தடவை தின்னக் கொடுத்த பிறகுதான் பார்த்ததும் ஊறியது. நாய்க்கு இறைச்சி ஆசைகூடப் படித்து வருவதுதான் என்று நிரூபித்த சோதனை இது. குட்டி கற்கிறது என்பது இதிலிருந்து தெரிந்தது. கற்றதை அது எவ்வளவு காலம் வைத்திருக்கும் என்பதைக் கேட்க இன்னும் பல ஆண்டுகள் ஆயின.

அதற்கிடையில் மனிதக் குட்டி ஒன்று. 1924-ல் நியூயார்க்கில் மேரி கவர் ஜோன்ஸ் என்ற அம்மையார், முயலைக் கண்டால் அலறும் பீட்டர் என்ற சிறுவனின் பயத்தைப் போக்கிய விவரத்தை வெளியிட்டார். பையனுக்கு 2 வயது 10 மாதம். முயல் மட்டுமல்ல, மென்மயிர்க் கோட்டு, இறகு, பஞ்சு எல்லாமே ஆகாது. பயப்படாத பிள்ளைகளோடு சேர்த்து விளையாடவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக முயலைப் பக்கத்தில் கொண்டுவந்தார்கள். பயம் நன்றாகத் தெளிந்து வந்தது. அப்போது பையனுக்கு ஸ்கார்லெட் காய்ச்சல். இரண்டு மாதம் ஆஸ்பத்திரி. குணமாகி வீடு திரும்ப நர்ஸோடு டாக்ஸியில் ஏறும்போது பெரிய நாய் ஒன்று பாய்ந்து வந்து இருவரையும் மிரட்டிவிட்டது. முயல் பயம் பழைய அளவுக்கே திரும்பிவிட்டது. பயமுறுத்தியது நாய், திரும்பி வந்ததோ முயல் பயம். அம்மையார் சளைக்கவில்லை. பையன் தனக்குப் பிடித்ததைச் சாப்பிடும்போது தூரத்தில் முயல் கூண்டை வைத்து, நாளுக்கு நாள் நெருக்கி, கடைசியில் முயல் அவன் விரலைக் கொறிக்கும் அளவுக்குக் கொண்டுவந்தார். நம் ஊரில் பயந்த பிள்ளைக்கு மந்திரித்து வேப்பிலை அடிப்பவர்களும் 'மூன்று தடவை வரணும்' என்று சொல்வார்கள். ஒரே தடவையில் தெளிந்த பயம் திரும்பி வரும் என்பது அவர்களுக்கும் தெரியும் போலிருக்கிறது.

நான் மேலே சொன்ன மூத்த பிள்ளையின் கதைக்கும் ஒரு விஞ்ஞானப் பெயர் இருக்கிறது. 1983-ல் ராபர்ட் எப்ஸ்டீன் என்பவர் புறாக்களை வைத்துக் காட்டினார். ஒரு பொத்தானைக் கொத்தினால் தீனி என்று புறா கற்றது. பிறகு அதை நிறுத்திவிட்டு வேறொரு செயலுக்குத் தீனி தந்தார்கள். புறா பழையதை விட்டுப் புதியதைப் பிடித்துக்கொண்டது. அதற்கும் தீனியை நிறுத்தியதும், கைவிட்ட பழைய பொத்தானைத் தேடிப் போய்க் கொத்தியது. புது வழி அடைபட்டால் பழைய வழி. தம்பி பிறந்ததும் அம்மாவின் கவனம் கிடைக்காத அண்ணன்காரன் செய்வதும் இதுவேதான் என்பது என் அபிப்பிராயம்.

இதுவரை மறக்கடிப்பது. இனி, தானாக மறப்பது.

மனிதர்களுக்கு முதல் இரண்டு மூன்று வயது நினைவில் நிற்பதில்லை. வயிற்றில் சுமந்தவள் சொல்லித்தான் நமக்குத் தெரியும். ஃபிராய்ட் 1905-ல் இதற்குக் குழந்தைப் பருவ மறதி என்று பெயர் வைத்து, வெளியே சொல்லக் கூசும் ஆசைகளை மனம் அமுக்கி வைப்பதே காரணம் என்றார். வேறு சிலர், பேச்சு வராத வயதில் நினைவைச் சொற்களில் முடிந்து வைக்க முடியாது, அதனால்தான் என்றார்கள். இரண்டும் கேட்க நன்றாயிருக்கின்றன. ஆனால் 1962-ல் பைரன் கேம்பெல், ஈனிட் கேம்பெல் இருவரும் வெளியிட்ட ஓர் எலிக் கட்டுரை இரண்டையும் ஆட்டிவிட்டது.

சோதனை எளிமையானது. இரண்டு அறை உள்ள பெட்டி. ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளை. ஓர் அறையில் லேசான ஷாக். 18, 23, 38, 54, 100 நாள் வயதுள்ள எலிகளை இப்படிப் பழக்கினார்கள். அன்றே சோதித்தால் எல்லா வயது எலிகளும் ஷாக் அடித்த அறையைத் தவிர்த்தன. 18 நாள் குட்டியும் கற்றுக்கொண்டது என்று பொருள். எலிக்கு 18 நாள் என்பது கண் திறந்து சில நாளே ஆன, தாய்ப்பால் குடிக்கிற வயது. பிறகு ஒரு வாரம், மூன்று வாரம், ஆறு வாரம் என்று இடைவெளி விட்டுப் பார்த்தார்கள். 100 நாள் எலி ஆறு வாரம் கழித்தும் மறக்கவில்லை. 18 நாள் குட்டியிடம் மூன்று வாரத்தில் கிட்டத்தட்ட ஒன்றுமே மிஞ்சவில்லை. ஷாக் அடித்த அறைக்குள் சாவகாசமாக நடந்து போயிற்று.

எலிக்கு வெட்கம் ஏது, மொழி ஏது? இரண்டுமில்லாத பிராணியும் நம்மைப் போலவே குழந்தைப் பருவத்தை மறக்கிறது என்றால், காரணம் வேறெங்கோ இருக்க வேண்டும். எலிக்குட்டிகளுக்கு ஷாக் கொடுப்பதை எழுதவே எனக்கு மனம் ஒப்பவில்லை. அந்தக் காலத்துச் சோதனைகள் பல அப்படித்தான். ஆனாலும் அந்தக் கட்டுரை கேட்டது பெரிய கேள்வி.

அதிலிருந்து ஒரு முரண்பாடு முளைத்தது. சிறு வயதில் பட்டது ஆயுளுக்கும் ஒட்டிக்கொள்ளும் என்று உலகம் முழுக்க எல்லாரும் நம்புகிறோம். 'தொட்டில் பழக்கம்' என்று பழமொழியே வைத்திருக்கிறோம். குட்டிகள் இவ்வளவு வேகமாக மறக்குமானால், அந்தப் பழக்கம் எந்த வழியாக ஒட்டுகிறது?

விடையாக 1966-ல் ஒரு கட்டுரை வந்தது. மொத்தமே மூன்று பக்கம். எழுதியவர்கள் கேம்பெலும் ஜூலியன் ஜெயின்ஸும். (இந்த ஜெயின்ஸ்தான் பிறகு 1976-ல், பண்டைய மனிதன் தன் எண்ணத்தையே தெய்வக் குரலாகக் கேட்டான் என்று ஒரு புத்தகம் எழுதிப் பெரிய சர்ச்சையைக் கிளப்பியவர். அந்தப் புத்தகம் எனக்குச் செரிக்கவில்லை. இந்த மூன்று பக்கம் செரிக்கிறது.) எலிக்குட்டிகளை மூன்று கூட்டமாகப் பிரித்தார்கள். முதல் கூட்டத்துக்கு ஆரம்பத்தில் ஷாக் பாடம். பிறகு வாரம் ஒரு தடவை, ஒரே ஒரு சிறு ஷாக். இரண்டாவது கூட்டத்துக்கு ஆரம்பப் பாடம் மட்டும். மூன்றாவது கூட்டத்துக்கு ஆரம்பப் பாடம் கிடையாது, வாரா வாரம் சிறு ஷாக் மட்டும். நான்கு வாரம் கழித்துப் பார்த்தால், இரண்டாவது கூட்டம் மறந்திருந்தது. மூன்றாவது கூட்டம் எதையும் கற்றிருக்கவில்லை. முதல் கூட்டம் மட்டும் பயந்தது.

கவனியுங்கள். அந்தச் சிறு ஷாக் தனியாக ஒன்றும் கற்றுக்கொடுக்கப் போதாது. ஆனால் பழைய பாடத்தை உயிரோடு வைத்திருக்கப் போதும். சிறு வயதுப் பயம் ஆயுளுக்கும் நிலைப்பது, அந்த முதல் அடியின் பலத்தால் மட்டுமல்ல, பிறகு அவ்வப்போது கிடைக்கும் சின்னச் சின்ன ஞாபகமூட்டல்களால் என்றார்கள். பெற்றோர் பிள்ளையைப் பார்த்து "கிணத்துப் பக்கம் போகாதே, அன்னைக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டேயிருப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். கிணறு ஒரு தடவை. கேள்வி நூறு தடவை.

இதன்பின் நார்மன் ஸ்பியர் என்பவர் 1973-ல் இன்னொரு அடி முன்னே போனார். மறதி என்பது பெரும்பாலும் இழப்பு அல்ல, எடுக்க முடியாமை என்றார். பீரோவில் இருக்கிறது, சாவி கிடைக்கவில்லை என்கிற மாதிரி. சரியான சாவி ஒரு வாசனையாகவோ, இடமாகவோ, வேதனையின் ஒரு துளியாகவோ இருக்கலாம்.

கினிப் பன்றியைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. எலி கண் மூடி, மயிரில்லாமல், சிவந்த சதைத்துண்டு மாதிரி பிறக்கிறது. கினிப் பன்றி தாய் வயிற்றில் இரண்டு மாதத்துக்கு மேல் இருந்து, மயிர் மூடி, கண் திறந்து, பிறந்த அன்றே ஓடுகிறது. 1974-ல் கேம்பெல் குழு இரண்டையும் ஒப்பிட்டது. கினிப் பன்றிக் குட்டி எலிக்குட்டி மாதிரி மறக்கவில்லை. ஆக, வயது என்பது பிறந்த நாளிலிருந்து எண்ணுவதல்ல. மூளை எவ்வளவு முதிர்ந்து பிறக்கிறது என்பதைப் பொறுத்தது. இந்தச் சங்கதி 40 ஆண்டு கழித்து மறுபடி வரப்போகிறது.

ஷாக் இல்லாத, மனதுக்கு இதமான சோதனை ஒன்றும் உண்டு. கேரலின் ரோவி-காலியர் என்ற அமெரிக்கப் பேராசிரியை, கைக்குழந்தையின் தொட்டிலுக்கு மேலே பொம்மைத் தோரணம் கட்டி, அதிலிருந்து ஒரு ரிப்பனைக் குழந்தையின் கணுக்காலில் முடிச்சுப் போட்டார். குழந்தை உதைத்தால் பொம்மைகள் ஆடும். சில நிமிஷத்தில் குழந்தைக்கு விஷயம் பிடிபட்டுவிடும். உதை, ஆட்டம், உதை, ஆட்டம் என்று ஒரே குதூகலம். இதைத் தம் சொந்தக் குழந்தையிடம்தான் முதலில் கண்டுபிடித்தார். தாம் வேலை பார்க்கக் கொஞ்சம் நேரம் கிடைக்கட்டும் என்று செய்த உபாயம்! 1969-ல் கட்டுரையாயிற்று.

மூன்று மாதக் குழந்தை இந்தப் பாடத்தைச் சுமார் ஒரு வாரம் வைத்திருக்கும். இரண்டு வாரத்தில் மறந்துவிடும். அதே பொம்மைத் தோரணத்தைக் காட்டினாலும் சும்மா பார்த்துக்கொண்டு கிடக்கும். 1980-ல் அவரும் குழுவினரும் 'சயின்ஸ்' இதழில் எழுதியது இது: 13-ஆம் நாள், குழந்தையின் காலில் ரிப்பன் கட்டாமல், மறைவில் இருந்து ஒருவர் பொம்மைகளை மூன்று நிமிஷம் ஆட்டிக் காட்டினார். குழந்தை எதையும் கற்க வழியில்லை, பார்க்க மட்டும்தான் முடியும். மறுநாள் ரிப்பனைக் கட்டியதும் அது பழையபடி உதைக்கத் தொடங்கிற்று. முழுப் பாடமும் திரும்பியிருந்தது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விவரம் 1983-ல் வந்தது. ஞாபகமூட்டிய கால் மணி நேரத்தில் சோதித்தால் குழந்தைக்கு ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. ஒரு நாள் விட்டுப் பார்த்தால் வந்துவிட்டது. உள்ளே போய்த் தேடி எடுத்துக்கொண்டு வர நேரம் பிடிக்கிறது. பழைய மாணவர் கூட்டத்தில் எதிரே வந்து கையைப் பிடித்துக் குலுக்குபவரின் பெயர் மறுநாள் காலை குளிக்கும்போது பளிச்சென்று வருகிறதே, அது நினைவுக்கு வந்தது எனக்கு.

பறவைகளிடம் இது இன்னும் அதிசயம். கலிபோர்னியாவில் பீட்டர் மார்லர் ஆராய்ந்த வெண்தலைச் சிட்டின் குஞ்சு, பிறந்த முதல் சில வாரங்களில் கேட்கும் பாட்டை உள்ளே வாங்கிக்கொள்கிறது. அப்போது அது பாடுவதில்லை. மாதங்கள் கழிகின்றன. அதற்குப் பிறகு யாரும் பாடிக் காட்டாமலே, முதலில் உளறலாகத் தொடங்கித் திருத்தித் திருத்தி, கேட்ட அதே பாட்டைப் பாடுகிறது. ஞாபகமூட்டல்கூட வேண்டியிருக்கவில்லை.

சரி, மறந்தது உள்ளே எங்கோ இருக்கிறது என்று ஊகித்தாயிற்று. கண்ணால் காட்ட முடியுமா? அதற்கு 21-ஆம் நூற்றாண்டு வரவேண்டியிருந்தது.

கனடாவில் டொராண்டோ நகரக் குழந்தைகள் மருத்துவமனையில் பால் ஃப்ராங்க்லண்ட், ஷீனா ஜாஸ்லின் இருவரின் குழு 2014-ல் ஒரு காரணத்தைச் சொன்னது. ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதியில் சிறு வயதில் புது நரம்புச் செல்கள் ஏராளமாக முளைக்கின்றன. அவை பழைய இணைப்புகளுக்கு நடுவே புகுந்து இடம் பிடிக்கும்போது பழைய நினைவு எட்டாமல் போகிறது. குட்டிச் சுண்டெலிகளில் இந்த முளைப்பைக் குறைத்தால் மறதி குறைந்தது. வளர்ந்த சுண்டெலிகளைச் சக்கரத்தில் ஓடவிட்டு முளைப்பைக் கூட்டினால் அவையும் மறந்தன. கினிப் பன்றிக்கு? அதற்கு இந்தச் செல்கள் பெரும்பாலும் வயிற்றில் இருக்கும்போதே முளைத்து முடிந்துவிடுகின்றன. அதனால்தான் அது மறப்பதில்லை. 1974-ல் போட்ட புதிருக்கு 2014-ல் விடை.

அடுத்த வேலைதான் மகத்தானது. ஒளி பட்டால் விழித்துக்கொள்ளும் ஒரு புரதத்தை நரம்புச் செல்லுக்குள் வைக்கும் வித்தை இப்போது இருக்கிறது. அந்தப் புரதம் எங்கிருந்து கிடைத்தது தெரியுமா? கிளாமிடோமோனாஸ்! தாவரவியல் ரெக்கார்டில் இரண்டு கசையிழையும் ஒரு கண்புள்ளியும் போட்டுப் படம் வரைந்தோமே, அதே பச்சைப் பாசி. 17 நாள் சுண்டெலிக் குட்டி பயத்தைக் கற்கும்போது எந்தெந்தச் செல்கள் வேலை செய்தனவோ அவற்றில் மட்டும் இந்தப் புரதம் அமையும்படி செய்தார்கள். குட்டி வளர்ந்தது, வழக்கம்போல் மறந்தது. பிறகு அந்தச் செல்களின் மேல் ஒளியைப் பாய்ச்சினார்கள். எலி உறைந்து நின்றது. 90 நாள் கழித்தும் நின்றது. சுண்டெலி வாழ்வில் 90 நாள் என்பது குழந்தைப் பருவத்திலிருந்து முழு வளர்ச்சிக்கு வந்துவிட்ட காலம். ஆக்சல் குஸ்க்யோலனும் சக ஆய்வாளர்களும் 2018-ல் வெளியிட்டது இது. அதற்கு முன் 2016-ல் நியூயார்க்கில் கிறிஸ்டினா ஆல்பெரினியின் குழு, ஒளி கிளி எதுவும் இல்லாமல், பழைய முறை ஞாபகமூட்டலாலேயே 17 நாள் எலிக்குட்டி இழந்த பாடத்தைத் திரும்ப எழுப்பியிருந்தது.

ஆகவே தானாக மறந்தது அழியவில்லை. இதில் இனிச் சந்தேகப்பட அதிகம் இல்லை. ஆனால் வேப்பிலை தடவிப் போக்கியது? பாவ்லோவின் நாயைப் போல, பீட்டரைப் போல, அதுவும் கட்டாயம் திரும்பி வரத்தான் வேண்டுமா? இதற்காகக் கொஞ்சம் பின்னால், 2007-க்குப் போக வேண்டும்.

சிட்னியில் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜீ ஹ்யூன் கிம், ரிக் ரிச்சர்ட்சன் இருவரும் எலிக்குட்டிகளுக்கு ஓர் ஓசையையும் லேசான ஷாக்கையும் சேர்த்துக் கொடுத்தார்கள். ஓசை கேட்டாலே குட்டி உறைந்து நிற்கும். பிறகு ஓசையை மட்டும் பலமுறை கொடுத்துப் பயத்தைத் தெளிய வைத்தார்கள். வளர்ந்த எலியாக இருந்தால் தெளிந்த பயம் மூன்று வழியில் திரும்பும் என்று மார்க் பௌட்டன் முதலானோர் 1970-களின் இறுதியிலிருந்து வரிசையாகக் காட்டியிருந்தார்கள். நாள் கடந்தால் வரும். இடம் மாறினால் வரும். சிறு ஷாக் ஒன்று பட்டால் வரும். 23, 24 நாள் குட்டிகளுக்கும் அப்படியே வந்தது. 16, 17 நாள் குட்டிகளுக்கு வரவில்லை. இடத்தை மாற்றியும் வரவில்லை, சிறு ஷாக் கொடுத்தும் வரவில்லை. அந்த வயதில் தெளிய வைத்த பயம் அடியோடு போய்விட்ட மாதிரி இருந்தது. இடையில் ஒரு வாரம்தான் வித்தியாசம்.

அந்த ஒரு வாரத்தில் என்னதான் நடக்கிறது? 2009-ல் சுவிட்சர்லாந்தின் பாஸல் நகரத்திலிருந்து பதில் வந்தது. பயத்தைக் கையாளும் அமிக்டலா பகுதியில், சில நரம்புச் செல்களைச் சுற்றி ஒரு வலை அந்த நாட்களில்தான் பின்னப்படுகிறது. காயப்போட்ட சிமெண்டு போல அது இணைப்புகளை இறுக்கிவிடுகிறது. வளர்ந்த சுண்டெலியில் அந்த வலையை ஒரு நொதியால் கரைத்துவிட்டு, அதன் பிறகு பயத்தைக் கற்றுக்கொடுத்துத் தெளியவைத்தால், குட்டிக்குப் போவதுபோல் அடியோடு போயிற்று. நொதியைப் பிந்திக் கொடுத்தால் பலிக்கவில்லை.

எனக்கு இந்த வரலாற்றில் ஒரே ஒரு கட்டத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் இதைத்தான் எடுப்பேன். இயற்கை, தாய் மடியில் இருக்கும் பிராணிக்கு ஒரு சலுகை கொடுத்திருக்கிறது. பயந்தாலும் அதே நாட்களில் தெளிய வைத்துவிட்டால் சுவடில்லாமல் போகும். தாயின் கூட்டைவிட்டு வெளியே போகும் வயது வந்ததும் சலுகை நின்றுவிடும். வெளியே பாம்பும் பூனையும் இருக்கும் உலகில், ஒருமுறை பயந்ததை முற்றிலும் துடைத்துவிடுவது ஆபத்து.

இந்தச் சலுகை எல்லாக் குட்டிகளுக்கும் ஒரே மாதிரி கிடைப்பதில்லை. 2011-ல் பிரிஜெட் காலகனும் ரிச்சர்ட்சனும் சில எலிக்குட்டிகளை, பிறந்த 2-ஆம் நாள் முதல் 14-ஆம் நாள் வரை, தினம் 3 மணி நேரம் தாயிடமிருந்து பிரித்து வைத்தார்கள். பிறகு 17-ஆம் நாளில் பயத்தைக் கற்றுத்தந்து, தெளிய வைத்துச் சோதித்தார்கள். பயம் திரும்பி வந்தது, வளர்ந்த எலிக்கு வருவதுபோல். அடுத்த ஆண்டு வந்த கட்டுரையில், தானாக மறக்க வேண்டிய பயத்தையும் இவை மற்றக் குட்டிகளைவிட அதிக நாள் வைத்திருந்தன என்று காட்டினார்கள். தாயைப் பிரிந்த குட்டி சீக்கிரம் பெரியதாகிவிடுகிறது. மறக்கும் உரிமையும், சுத்தமாகத் தெளியும் உரிமையும் ஒருசேரப் போய்விடுகின்றன. டப்ளின் நகரத்தில் தாமஸ் ரயனின் குழு 2023-ல் வேறொரு திசையிலிருந்து இதற்குப் பக்கத்தில் வந்தது. கர்ப்பமான தாய்ச் சுண்டெலிக்கு நோய் எதிர்ப்பு சக்தியைத் தூண்டிவிட்டால், அதற்குப் பிறந்த ஆண் குட்டிகள் குழந்தைப் பருவத்தை மறப்பதேயில்லை.

சிட்னிக் குழு அதோடு விடவில்லை. 2016-ல் கெய்ட்லின் கோவன், காலகன், ரிச்சர்ட்சன் மூவரும் மறுபடி அதே பிரிவுச் சோதனையைச் செய்தார்கள். இந்த முறை, தாய் எலிகளில் சிலவற்றின் குடிநீரில் லாக்டோபாசில்லஸ் வகை நுண்ணுயிர்களைக் கலந்துவிட்டார்கள். நம் வீட்டுத் தயிரின் சொந்தக்காரக் கூட்டம்தான். (மோர் குடித்தால் பயம் தெளியும் என்று யாராவது பாட்டிலில் அடைத்து விற்க வந்தால், இந்த மலரைச் சாட்சிக்குக் காட்டாதீர்கள். இது எலி, அதுவும் குட்டி எலி.) குட்டிகளைப் பிரித்தது அதே அளவுதான், தினம் 3 மணி நேரம். 17-ஆம் நாள் ஓசை, ஷாக், பிறகு ஓசை மட்டும், எல்லாம் பழையபடி. வெறும் தண்ணீர் குடித்த தாய்களின் குட்டிகளுக்குப் பயம் திரும்பி வந்தது. நுண்ணுயிர் கலந்த தண்ணீர் குடித்த தாய்களின் குட்டிகள், தாயைப் பிரியாமல் வளர்ந்த குட்டிகளைப் போலவே நடந்துகொண்டன. தெளிந்த பயம் தெளிந்தபடி இருந்தது.